மூச்சு வாங்கிய பறவைகள்

மெர்வின் லிண்ட்னர், சுருக்கமாக மெர்வ், பறவை பார்க்கத் தொடங்கியது 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதக் கடைசியில். அப்போது அவருக்கு எழுபது வயதும் ஐந்து மாதமும் நிறைந்திருந்தன. அதற்கு முன் கறுப்பு வெள்ளை மேக்பை, காக்கை, கோழி ஆகிய மூன்றைத் தவிர வேறெந்தப் பறவையையும் அவர் பெயர் சொல்லி அழைத்ததாகத் தெரியவில்லை. தொடங்கக் காரணமாக இருந்தது ஒரு மேடு.

மரே ஆற்றங்கரையில், காருக்குப் பின்னால் இழுத்துவந்த கேரவனை நிறுத்திவிட்டு அவரும் மனைவி கிளெனிஸும் ஒரு சிறிய காட்டுநடைக்குப் போயிருந்தார்கள். பாதி ஏற்றத்தில் யாரோ நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்ததுபோல் இருந்தது மெர்வுக்கு. நின்றுவிட்டார். இருபது அடி முன்னால் போய்க்கொண்டிருந்த கிளெனிஸ் திரும்பிப் பார்த்தார்.

"என்ன, நின்னுட்ட?"

மெர்வ் எதிரிலிருந்த மரத்தைப் பார்த்தார். "பறவை."

"எங்க?"

"போயிடுச்சு."

கிளெனிஸுக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி. நாற்பத்தாறு ஆண்டு மணவாழ்க்கையில் கணவர் ஒரு மரத்தை நிமிர்ந்து பார்த்து அவர் கண்டதில்லை. அடுத்த ஊரிலேயே படம் போட்ட பறவைப் புத்தகம் ஒன்றும் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் தொலைநோக்கி ஒன்றும் வாங்கித் தந்தார். பார்க்கும் பறவைகளை எழுதிவைக்க நோட்டுப்புத்தகம் ஒன்றையும் தமக்கென வாங்கிக்கொண்டார்.

அன்று முதல் மெர்வின் இளைப்புகளுக்குப் பெயர் வந்தது. ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் இளைப்புக்குத் தேன்சிட்டு போதும். இரண்டு நிமிடத்துக்குக் கிளி. மார்பின் நடுவே கை வைத்துக்கொள்ள வேண்டிய இளைப்பு என்றால் கழுகு. கழுகு வட்டமிடும், வட்டமிடுவதை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர் சொல்லச் சொல்ல நாள், இடம், பறவை என்று மூன்று கட்டம் கிழித்துக் கிளெனிஸ் பேனாவால் எழுதிவந்தார். ஆகஸ்ட் 13 வரை அறுபத்து இரண்டு பறவைகள் சேர்ந்திருந்தன.

உண்மையைச் சொல்லாததற்கு மெர்வ் தமக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார். அவருடைய தந்தை ஓட்டோ 1974-இல், ஐம்பத்தெட்டு வயதில், வயல் வாயிற்கதவைத் திறக்க வண்டியிலிருந்து இறங்கியவர் அங்கேயே விழுந்து இறந்தார். அண்ணன் லான்ஸ் 2009-இல் அறுபத்தாறு வயதில், கொட்டகையில். இருவருக்கும் இதயம். அடுத்தது தாம்தான் என்பதில் மெர்வுக்கு ஐயம் இருக்கவில்லை. ஆனால் அந்தச் செய்தியைக் கிளெனிஸிடம் சொன்னால் அந்தக் கணமே கார் வீட்டை நோக்கித் திரும்பும் என்பதிலும் அவருக்கு ஐயம் இல்லை.

அவர்கள் ஊர் கரூண்டா. தெற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமைக் காடு. மெர்வ் அங்கே வட்டார மன்றத்தின் கிரேடர் வண்டியை நாற்பத்தொரு ஆண்டுகள் ஓட்டி மண்சாலைகளைச் சமன் செய்தவர். கிளெனிஸ் இருபத்தாறு ஆண்டுகள் தபால் நிலையத்தில் இருந்தார். ஊராருக்குக் கடற்கரைகளிலிருந்தும் பாலைவனங்களிலிருந்தும் வந்த பட அட்டைகளை எல்லாம் பிரித்துப் பெட்டிகளில் போட்டவர் அவரே. 1997-இல், வெள்ளி விழா ஆண்டில், மெர்வ் ஒரு வாக்குக் கொடுத்தார்: கேரவன் ஒன்று வாங்கி இருவரும் மேற்குக் கடல் வரை போய்வருவது என்று. மழை பொய்த்தும், தாயார் படுத்தும், மகள் ஜெனெலின் திருமணம் வந்தும், மெர்வின் முழங்கால் அறுவைக்காகவும் நான்கு முறை அது தள்ளிப்போயிற்று. கடைசியில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, 2018 மார்ச் 5, திங்கட்கிழமை புறப்பட்டார்கள். மேற்குக் கடலை எட்டுவதற்கு நவம்பர் ஆகும். நவம்பர் வரை தாங்கினால் போதும், அதன் பிறகு சொல்லிவிடலாம் என்பதே மெர்வின் கணக்கு. ஒவ்வொரு மேட்டிலும் அவர் தாங்கிக்கொண்டது அதற்காகத்தான்.

ஃபிளிண்டர்ஸ் மலைத்தொடரில் கிரேலிங் என்ற சிற்றூரின் கேரவன் தங்குமிடத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தது ஆகஸ்ட் 12. இரண்டு நாள் கழித்து, செவ்வாய்க்கிழமை, மவுண்ட் கேலி என்ற குன்றில் ஏறினார்கள். வழிப்பலகையில் போய்வர ஐந்து கிலோமீட்டர் என்றிருந்தது. எவ்வளவு செங்குத்து என்பதைப் பலகை சொல்லவில்லை. முதல் வளைவிலேயே கழுகு செலவாகிவிட்டது. மூன்றாவது வளைவில் கண் இருட்டியது. மறுபடி கழுகு என்றால் கிளெனிஸ் வானத்தைப் பார்ப்பார். வானமோ துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மெர்வ் புத்தகத்தைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்தார்.

"இந்தத் தடவ என்ன?"

"சத்தம் போடாத. தரையில இருக்கு."

"தரையிலயா?"

"அந்தப் பைன் மரத்தடியில. முதுகு பச்ச. வயிறு மஞ்ச. வாலு குட்ட." எல்லாம் திறந்திருந்த பக்கத்தில் எழுதியிருந்ததுதான்.

கிளெனிஸ் குனிந்து, மூச்சைப் பிடித்து, மரத்தடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் தென்படவில்லை, ஆனாலும் பொறுமையாகப் பார்த்தார். மெர்வுக்கு ஆறு நிமிடம் கிடைத்தது. அதுவரை எந்தப் பறவையும் அவருக்கு இவ்வளவு நேரம் தந்ததில்லை.

"பேரு என்ன?"

மெர்வ் பக்கத்தின் மேல் விரல் வைத்தார். பிட்டா. கிளெனிஸ் எழுதிக்கொண்டார். அந்தப் பக்கத்தின் மூலையில் அது வாழும் இடத்தைக் காட்டும் வரைபடம் ஒன்று கட்டைவிரல் நக அளவில் இருந்ததை இருவரும் கவனிக்கவில்லை. தமிழர் அறிந்த ஆறுமணிக்குருவியின் பங்காளி அந்தப் பறவை. ஈர இலைகளைக் கிளறி நத்தை தேடித் தின்பது. கிழக்குக் கடலோர மழைக்காட்டை விட்டு வெளியே வராதது. அந்தக் காடு அவர்கள் நின்ற காய்ந்த குன்றிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால்.

மாலை ஐந்து மணிக்குத் தங்குமிடத்தில் வழக்கம்போல் மடக்கு நாற்காலிகள் வட்டமாயின. அவரவர் குடிப்பதை அவரவர் கொண்டுவருவார்கள். சீஸும் பிஸ்கட்டும் பொது. அன்று வட்டத்தில் இருந்தவர்கள் லிண்ட்னர் தம்பதியும், குவீன்ஸ்லாந்திலிருந்து வந்திருந்த பாரி என்ற ஓய்வுபெற்ற மாட்டு லாரி ஓட்டுநரும், ராஸ்லின் குவாட்லிங்கும். ராஸ்லின் அடிலெய்டில் முப்பது ஆண்டு கணக்குப் பாடம் நடத்தியவர். தனியாகவே பயணம் செய்பவர். அறுநூற்றுப் பன்னிரண்டு வகைப் பறவைகளைத் தம் கண்ணால் பார்த்து எழுதிவைத்திருப்பவர். இந்தக் கடைசிச் செய்தி லிண்ட்னர் தம்பதிக்கு அப்போது தெரியாது.

"இன்னிக்கு இவரு என்ன பாத்தாரு தெரியுமா?" என்றார் கிளெனிஸ். "சொல்லு மெர்வ்."

"அது கெடக்குது, விடு."

"கூச்சத்தப் பாரு. பிட்டா!"

ராஸ்லினின் கையிலிருந்த பிஸ்கட் பாதி வழியில் நின்றது.

"இங்கயா? இந்த மலையிலயா?"

"மூணாவது வளைவுல. தரையில குதிச்சுக் குதிச்சுப் போச்சு." பறவையைப் பார்க்காத கிளெனிஸ் அதைக் குதிக்கவும் வைத்துவிட்டார்.

பாரி நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "மாப்ளே, அது எங்க ஊரு மழக்காட்டுப் பறவையாச்சே! டிக்கெட் எடுக்காம உங்க கேரவன்ல தொத்திக்கிட்டு வந்துடுச்சா?"

"சிரிக்காதீங்க பாரி," என்றார் ராஸ்லின். வகுப்பை அடக்கிய குரல் அது. பாரி உடனே அடங்கினார். "மெர்வ், எவ்வளவு நேரம் பாத்தீங்க?"

"ஆறு நிமிஷம்." அன்று அவர் சொன்னவற்றில் உண்மை அது ஒன்றுதான்.

"வாலு?"

"குட்ட."

"மூஞ்சி?"

"கறுப்பு." அதுவும் அந்தப் பக்கத்தில் இருந்ததே.

ராஸ்லின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "இந்தப் பக்கம் யாரும் பாத்ததா நான் கேள்விப்பட்டதே இல்ல. நாளைக்குக் காலையில ஏழரைக்கு எங்களக் கூட்டிட்டுப் போறீங்க."

"நான் தப்பாப் பாத்திருப்பேன்மா."

"ஒரு நொடி பாத்தவங்க தப்பாப் பாப்பாங்க. ஆறு நிமிஷம் பாத்தவரு தப்பாப் பாக்கமாட்டாரு."

மெர்வ் மனைவியைப் பார்த்தார். ஒரு பட்டதாரி அம்மாள் தம் கணவரிடம் ஐயம் கேட்டுக்கொண்டிருப்பதைக் கிளெனிஸ் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தின் எதிரில் 'பறவையே இல்லை' என்று சொல்ல மெர்வுக்கு வாய் வரவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி, 'அப்படியானால் ஏன் நின்றாய்' என்பதாகத்தான் இருக்கும். ஏறிவிடலாம், மெதுவாகவே போவார்கள், பறவை பார்க்கிறவர்கள் ஓடுவதில்லை என்று தேற்றிக்கொண்டார்.

மறுநாள் காலை புல்லின் மேல் உறைபனி படிந்திருந்தது. ராஸ்லின் முன்னால், அடுத்து மெர்வ், பின்னால் கிளெனிஸ், கடைசியில் பாரி. முதல் வளைவு வரை தாழ்வில்லை. பத்தடிக்கு ஒருமுறை ராஸ்லின் தாமாகவே நின்றார். அதன் பிறகு அவருக்கு ஆவல் முந்திக்கொண்டது. கணக்கு டீச்சரின் கால்கள் ஆடுபோல் ஏறின. வழிகாட்டி பின்தங்கினால் நன்றாயிராது என்று மெர்வும் விடாமல் ஏறினார்.

"ஏன் மாப்ளே, காது செவந்து போச்சு?" என்று பின்னாலிருந்து பாரி கேட்டார்.

"குளிரு."

மூன்றாவது வளைவில் ராஸ்லின் கையை உயர்த்தினார். நால்வரும் நின்றார்கள்.

"இங்கதானே?" என்று கிசுகிசுத்தார். "யாரும் அசையாதீங்க. மூச்சுகூட விடாதீங்க."

மெர்வால் முடியாத காரியம் அது ஒன்றுதான். உதட்டை இறுக மூடினார். காற்று இல்லை, இலைகூட ஆடவில்லை. அந்த அமைதியில் மெல்லிய சீட்டி ஒலி ஒன்று எழுந்தது. ஏறி, ஒரு கணம் நின்று, இறங்கியது. மறுபடி ஏறியது.

ராஸ்லினின் முகம் மலர்ந்துவிட்டது. "கேக்குதா? ரெண்டு சுரம். கிட்டக்கதான் இருக்கு."

காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக்கொண்டு, காலடி ஓசை கேட்காமல், ஒலி வந்த திக்கில் ஒவ்வொரு அடியாக வந்தார். மரத்தடியை விட்டுத் திரும்பினார். பாறையைத் தாண்டினார். கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, இன்னும் இரண்டடி. கண்ணைத் திறந்தபோது அவருடைய காது மெர்வின் சட்டைப் பொத்தானுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

"மெர்வ்," என்றார் மெதுவாக. "இது நீங்க."

மெர்வ் பாதையோரப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். பேச வார்த்தை இருந்தது, காற்று இல்லை. காற்று வந்ததும் முதலில் கிளெனிஸைப் பார்த்தார்.

"பறவை இல்ல, கிளெனிஸ்."

"போயிடுச்சா?"

"இருந்ததே இல்ல. ஏப்ரல்லேர்ந்து. எனக்கு மூச்சு வாங்கும்போதெல்லாம் ஒரு பேரு சொன்னேன்."

கிளெனிஸுக்கு அது புரிய ஓரிரு நொடி பிடித்தது. "அறுபத்தி நாலுமா?"

"மேக்பை நெஜம். கழுகு ரெண்டு தடவ நெஜம்."

"நான் பேனாவுல எழுதினேன், மெர்வ்."

பாரி சிரிப்பை அடக்கத் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டார். ராஸ்லின் மெர்வின் மணிக்கட்டைப் பற்றி, தம் கைக்கடிகாரத்தைப் பார்த்து, ஒரு முழு நிமிடம் எண்ணினார். எண்ணி முடித்தபோது அவர் புருவம் சுருங்கியிருந்தது.

"நாப்பத்தொண்ணு. இவ்வளவு மேடு ஏறினா நூத்துக்கு மேல போகணும். இது கணக்குல ஒதைக்குது."

"உங்க அப்பாவுக்கு வந்த மாதிரியா?" என்று கேட்டார் கிளெனிஸ்.

"அப்படித்தான் நெனைக்கிறேன்."

பாரி ஒரு தோளிலும் கிளெனிஸ் ஒரு தோளிலுமாகத் தாங்கி மெர்வைக் கீழே கொண்டுவந்தார்கள். கேரவனைத் தங்குமிடத்திலேயே விட்டுவிட்டுக் காரை மட்டும் எடுத்துக்கொண்டு, முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளியிருந்த ஹார்வுட் ஊர் மருத்துவமனைக்குக் கிளெனிஸே ஓட்டினார். பாதி தூரம் போனதும் கேட்டார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா திருப்பிடுவ. மேற்குக் கடலு வரைக்கும் தாங்கிட்டா போதும்னு பாத்தேன். நவம்பருல சொல்லலாம்னு."

"உன்ன பெட்டியில படுக்க வெச்சுட்டு நான் கடல வேடிக்க பாக்கணுமா? கேரவன ரிவர்ஸ் எடுக்கக்கூடத் தெரியாது எனக்கு."

"கத்துத் தரலாம்னு இருந்தேன்."

"எப்ப? அக்டோபருலயா?"

கிளெனிஸ் ஆக்சிலேட்டரை இன்னும் அழுத்தினார்.

மருத்துவமனையில் டெனிஸ் என்ற செவிலியர் மெர்வைப் படுக்க வைத்து மார்பிலும் காலிலும் கம்பிகளை ஒட்டினார். மருத்துவர் அடுத்த அறையில் ஒரு குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளில் கோடு ஓடியது. டெனிஸ் அதை இருமுறை பார்த்தார்.

"ஓட்டம் மெதுவா இருக்கே தவிர, கோடு மோசமா இல்ல கண்ணு. என்ன மாத்திர சாப்பிடுறீங்க?"

"பிரஷருக்கு ஒண்ணு. கொழுப்புக்கு ஒண்ணு. அப்புறம் அந்தப் புதுசு."

"எந்தப் புதுசு?"

புறப்படும் அவசரத்திலும் மாத்திரைகள் கிடந்த ஐஸ்கிரீம் டப்பாவைக் கிளெனிஸ் மடியில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். டெனிஸ் அதிலிருந்த அட்டைப்பெட்டிகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தார். கொழுப்புக்கானதைத் தள்ளிவைத்த பின் மிஞ்சியவை வெள்ளைப் பெட்டி ஒன்று, நீலப் பெட்டி ஒன்று. இரண்டின் மேலும் வெவ்வேறு பெயர் கொட்டை எழுத்தில். அந்தப் பெயர்களுக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்க அவர் பெட்டிகளைக் கண்ணருகில் கொண்டுபோனார். பிறகு இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"இத எப்பலேர்ந்து சாப்பிடுறீங்க?"

"வெள்ளப் பெட்டி ரெண்டு வருஷமா. நீலம் மார்ச்சுலேர்ந்து."

"ரெண்டையும் தெனமுமா?"

"ரெண்டையும்தான். டாக்டரு புதுசா ஒண்ணு சேக்கலாம்னு சொன்னாரே."

"கண்ணு, இது ரெண்டும் ஒரே மருந்து. கம்பெனிதான் வேற."

நடந்தது பிறகு ஒவ்வொன்றாகத் தெளிவாயிற்று. மெர்வின் பழைய மருந்துச் சீட்டில் இன்னும் ஐந்து முறை வாங்க இடமிருந்தது. நெடும்பயணம் என்பதால் ஊர் மருத்துவர் அதே மருந்துக்குப் புதுச் சீட்டு ஒன்றும் எழுதிக் கொடுத்தார். இன்னொரு மாத்திரை சேர்ப்பதைப் பற்றித் திரும்பி வந்ததும் பார்க்கலாம் என்றும் சொன்னார். மெர்வ் இந்த இரண்டு செய்திகளையும் ஒன்றாக முடிந்துகொண்டார். பழைய சீட்டை ஒரு ஊரில் கொடுத்தார். புதுச் சீட்டை ஆற்றங்கரை ஊர் ஒன்றில் கொடுத்தபோது, எல்லா மருந்துக்கடையிலும் கேட்கும் அந்தக் கேள்வியை அங்கிருந்த பெண்ணும் கேட்டார்: அதே மருந்துதான், விலை குறைந்த கம்பெனியுடையது, தரலாமா? வெளியே பதினெட்டு அடி கேரவன் கடைத்தெருவில் நான்கு கார்களின் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது; பின்னால் ஒருவர் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார். மெர்வ் கேள்வியின் கடைசிச் சொல்லுக்கு மட்டும் தலையாட்டிவிட்டு வந்தார். இதயத்தை மெதுவாக ஓடச் செய்வதற்கென்றே உள்ள மாத்திரை அது. ஐந்து மாதமாக அதை இரட்டிப்பாக விழுங்கி, இரட்டிப்பாக மெதுவாக்கிக்கொண்டு, அந்த இதயத்தோடுதான் அவர் குன்று குன்றாக ஏறியிருக்கிறார்.

மருத்துவர் வந்தார், மெர்வின் மகளைவிட இளையவர். பெட்டிகளைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், மார்பில் குழாய் வைத்துக் கேட்டார்.

"துடிப்பு கொறஞ்சதுக்கும் இந்தச் சீட்டி சத்தத்துக்கும் இதுவே காரணமா இருக்கலாம். அளவு கூடிட்டா சில பேருக்கு மூச்சுக்குழாயும் சுருங்கும். நீலத்த நிறுத்திடலாம். வெள்ள மட்டும் பழையபடி. ரெண்டு நாளு இங்க இருங்க. அடுத்த வாரம் பெரிய ஊருல இதயத்த ஸ்கேன் பண்ணிடலாம்."

"எங்க அப்பா ஐம்பத்தெட்டுல போயிட்டாரு டாக்டர். அண்ணன் அறுபத்தாறுல."

"அதுக்குத்தான் ஸ்கேன். ஆனா இன்னிக்கு நீங்க சாகப்போறதில்ல."

கிளெனிஸ் எழுந்து நடைவழிக்குப் போனார். சிறிது நேரத்தில் அங்கிருந்து வந்த ஓசையைக் கேட்டு டெனிஸ் ஓடினார். கிளெனிஸ் சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்து தாரை தாரையாக வழிந்தது.

"ஒரே மாத்திரைய ரெண்டா முழுங்கிட்டு, எனக்குத் தெரியாம அஞ்சு மாசமா செத்துக்கிட்டு இருந்திருக்காரு எங்க வீட்டு மனுஷரு!"

அன்று பிற்பகல் அடிலெய்டிலிருந்து ஜெனெல் தொலைபேசியில் அழைத்தாள்.

"போதும்மா. ரெண்டு பேரும் உடனே வீட்டுக்கு வாங்க."

"எதுக்கு? அங்க வந்தா மட்டும் உங்கப்பா பெட்டி மேல எழுதியிருக்கிறதப் படிப்பாரா?" என்றார் கிளெனிஸ்.

வெள்ளிக்கிழமை காலை நாடி ஐம்பத்தெட்டு. சீட்டி ஒலி அடங்கியிருந்தது. அன்றே ராஸ்லின் திராட்சையும் கிளெனிஸின் நோட்டுப்புத்தகமுமாகப் பார்க்க வந்தார். மெர்வைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பறவையாகக் கேட்டு, பொய்யானவற்றின் மேல் அளவுகோல் வைத்துக் கோடு கிழித்தார். எட்டு மிஞ்சின: மேக்பை ஆறு, கழுகு இரண்டு.

"எட்டு மோசமில்ல," என்றார். "பிட்டாவ என்னோட நோட்டுலேர்ந்து அழிச்சுட்டேன். நல்ல வேள, பென்சில்ல எழுதி வெச்சிருந்தேன்."

ஸ்கேன் நடந்தது ஆகஸ்ட் 22, புதன்கிழமை. இரத்தக் குழாய்களில் வயதுக்குரிய படிவைத் தவிர வேறொன்றும் இல்லை. இதயம் நன்றாகச் சுருங்கி விரிகிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். மெர்வ் அந்தத் தாளைக் கார் நிறுத்துமிடத்தில் நின்று இரண்டு முறை படித்தார். பொடி எழுத்தையும் விடவில்லை.

சனிக்கிழமை ஹார்வுட் ஊருக்குப் பின்னாலுள்ள குன்றில் இருவரும் நடந்தார்கள். உச்சியில் ஊர்த் தண்ணீர்த் தொட்டி. போய்வர மூன்று கிலோமீட்டர். வழியெங்கும் வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்திருந்தன. பாதியில் ஒரு மழைநீர் வாய்க்கால் பாதையை அறுத்திருந்ததைக் கண்டதும் மெர்வுக்குப் பழைய வேலை நினைவு வந்துவிட்டது. சரிவு எப்படி இருந்திருக்க வேண்டும், தண்ணீரை எங்கே திருப்பியிருக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே ஏறினார். அங்கிருந்து 1983 வெள்ளத்துக்குப் போனார். வெள்ளம் அடித்துக்கொண்டு போன சிமெண்ட் மதகுக்குழாய்க்குப் போனார். அதைத் தேடிப் போன மேற்பார்வையாளருக்குப் போனார். கிளெனிஸ் நின்றதைக்கூட அவர் நான்கடி தாண்டித்தான் கவனித்தார்.

"என்ன ஆச்சு? முடியலையா?"

"கார நிறுத்தினதுலேர்ந்து நீ வாய மூடல. தெரியுமா?"

"போரடிக்குதா?"

கிளெனிஸ் ஒரு வாட்டில் கிளையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஏப்ரல்லேர்ந்து மேடு வந்தா நீ பேசவே மாட்ட. நான் எது கேட்டாலும் 'ம்'. உனக்கு இந்த ஊர் சுத்துறதே பிடிக்கல, வாக்குக் குடுத்துட்டோமேன்னு எனக்காகப் பல்லக் கடிச்சுக்கிட்டு வர்றன்னு நெனச்சுட்டேன். மரத்தப் பாக்குற, மானத்தப் பாக்குற, என்னப் பாக்கல. கிரேலிங்லேர்ந்து வீட்டுக்கே திரும்பிடலாம்னு சொல்ல இருந்தேன். ரெண்டு தடவ வாய் வரைக்கும் வந்துச்சு."

மெர்வ் அதைக் கேட்டு அசந்து நின்றார். தாம் மூச்சைப் பிடித்துக் காப்பாற்றிய பயணத்தை, மூச்சைப் பிடித்ததாலேயே இழக்க இருந்திருக்கிறார்.

"பேச மூச்சு இல்ல, கிளெனிஸ். அவ்வளவுதான்."

"இப்பத் தெரியுது."

"பிடிக்காம இல்ல. பிடிச்சதாலதான்..."

"தெரியுதுன்னு சொல்றேன்ல." கிளெனிஸ் கிளையை விட்டுவிட்டு வந்து அவர் பக்கத்தில் நடக்கத் தொடங்கினார். "சரி, அந்தக் கொழாய் என்னாச்சு?"

"எந்தக் கொழாய்?"

"வெள்ளத்துல போச்சே, அது. அந்த ஆளு தேடிப் போனாருன்னியே."

"ஓ, அதுவா," என்று மெர்வ் தொடங்கினார். மேற்பார்வையாளர் மூன்று நாள் தேடியதையும், பக்கத்துப் பண்ணையில் அந்தக் குழாய்க்குள் ஒரு பன்றி குட்டி போட்டிருந்ததையும், பன்றிக்காரர் குட்டிகள் வளரும் வரை குழாயைத் தர மறுத்ததையும், அதுவரை ஆறு வாரம் அந்தச் சாலையே மூடிக் கிடந்ததையும் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லி முடிக்கும்போது இருவரும் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் நின்றுகொண்டிருந்தார்கள். கடைசி ஏற்றம் எப்போது வந்தது, எப்போது முடிந்தது என்று மெர்வுக்குத் தெரியவில்லை.